வளர்ந்த விரலும் பத்தவச்ச மெட்டியும்

நாற்பத்தி மூணு வயசுல எனக்குக் கால் வளர்ந்துச்சு. சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. வீங்கியிருக்கும்பாங்க, உப்பைக் குறைம்பாங்க, நீர் பிரியுற மாத்திரை போடும்பாங்க. வீக்கம் இல்லங்க, எலும்பு. பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கு வளர்ற மாதிரி எனக்குப் பாதத்து எலும்பு வளர்ந்துச்சு.

இதை முதல்ல கண்டுபுடிச்சது டாக்டர் இல்ல. கப்பலூர்ல நான் வேலை பாக்குற கம்பெனியோட ஸ்டோர் அண்ணே. மோட்டார் பம்புக்குள்ள தண்ணி கசியாம இருக்கப் போடுற ரப்பர் வளையம் செய்யுற கம்பெனி அது. தட்டுத் தட்டா வளையம் வரும். அளவு சரியா இருக்கா, ஓரத்துல பிசிறு இருக்கான்னு பாத்து, தப்பானதைப் பொறுக்கிப் போடறது என் வேலை. வருசத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் பூட்ஸ் கொடுப்பாங்க, முன்னாடி இரும்புத் தகடு வச்சது. சேர்ந்தப்ப எனக்கு ஆறாம் நம்பர். ரொம்ப நாள் ஆறாவே இருந்துச்சு. அப்புறம் ஏழு, அப்புறம் எட்டு. ஒன்பது கேட்டு நின்ன அன்னைக்கு ஸ்டோர் அண்ணே நோட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"ஏம்மா, இந்த வயசுல வளருறியா நீ?"

"ஆமாண்ணே. அடுத்த வருசம் உங்க கூரையை முட்டுவேன். இப்பவே ரெண்டு தகரத்தைக் கழட்டி வச்சுக்கங்க."

வரிசையில நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். பொம்பளைங்க பூட்ஸ் ஒன்பதுல வர்றதில்லன்னு ஆம்பளை பூட்ஸை எடுத்துக் கொடுத்தாரு. அந்த மனுசன் பேச்சுவாக்குல சொன்னதுதான் என் நோய். அதுவரைக்கும் நாலு டாக்டர் பாத்துச் சொல்லாததை அவரு பூட்ஸ் நோட்டைப் பாத்துச் சொல்லிட்டாரு. நான் வாய்க்கொழுப்புல அதைத் தட்டிவிட்டுட்டு வந்துட்டேன்.

கால் மட்டும்னா பரவாயில்ல. கல்யாண மோதிரம் விரல்ல ஏறலன்னு பீரோவுல போட்டேன். ரெண்டு ஆறு அளவு வளையல் போட்டவளுக்கு ரெண்டு பத்தும் மணிக்கட்டைத் தாண்டல. கடைக்காரப் பொண்ணு என் கையைச் சோப்புல ஊறவச்சு அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு, "அக்கா, உங்களுக்குத் திறக்குற மாடல்தான் சரி"ன்னுச்சு. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து விழுந்துச்சு. நாக்கு தடிச்சு வாய்க்குள்ள இடம் பத்தாம கெடந்துச்சு. குரல் கனத்துப்போச்சு. சென்னையில வேலை பாக்குற மகன் ஒருநாள் போனை எடுத்ததும், "அப்பா, அம்மாகிட்ட குடுங்க"ன்னான். "நான்தாண்டா அம்மா"ன்னேன். "சளி புடிச்சிருக்காம்மா?"ன்னான்.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு டாக்டர் இருந்தாரு. முட்டி வலிக்கு ஒருத்தர், கை மரத்துப்போறதுக்கு ஒருத்தர். சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குதுன்னு ஒருத்தர் அரிசியை நிறுத்தச் சொன்னாரு. மாசத் தீட்டு நின்னு போச்சேன்னு போனா, "சில பேருக்குச் சீக்கிரமே நிக்கும்மா"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. தெருவுல பாக்குறவங்க, "நல்லாப் பூசுன மாதிரி இருக்கியே, என்ன சாப்புடுற?"ன்னு கேப்பாங்க. ரேஷன் கடையில கைரேகை மிஷின் மட்டும்தான் உண்மையைச் சொல்லுச்சு. அஞ்சு விரலையும் மாத்தி மாத்தி வச்சும், நீ அவ இல்லன்னு சிவப்பு விளக்கைப் போட்டுக்கிட்டே இருந்துச்சு.

கண்ணாடியில என்னைப் பாக்குறதை நிறுத்திட்டேன். பொட்டை விரலால தடவிப் பாத்து வச்சுக்குவேன். மூக்கு அகலமாகி, தாடை முன்னால வந்து, நெத்தி மேடு தட்டி, யாரோ ஒருத்தி என் சேலையைக் கட்டிக்கிட்டு நின்னா. அவளுக்குள்ள நான் மாட்டிக்கிட்டேன். வெளிய வர்ற வழி எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியல. எம்புட்டு ஆத்திரமா வரும்னு நினைக்கிறீங்க! அழக்கூட வராது, ஆத்திரம்தான் வரும்.

இம்புட்டையும் பொறுத்துக்கிட்டேன். அந்த நோயி கண்ணுல கை வச்சப்பதான் என்னால முடியல. கண்ணுதான் என் பொழப்பு. தட்டுல நடுவுல இருக்குற வளையம் எல்லாம் பளிச்சுன்னு தெரியும், ரெண்டு ஓரத்துல இருக்குறது தெரியாது. தெரியலங்கறதே எனக்குத் தெரியாது, அதுதான் கொடுமை. நான் பாத்து அனுப்புன பெட்டியில பிசிறு இருக்குன்னு ரெண்டு தடவை திரும்பி வந்துச்சு. நிலைப்படியில தோள் இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஸ்கூட்டியில நாலுவழிச் சாலையில போகும்போது பஸ்ஸு பக்கத்துல வர்றது தெரியாது, மூஞ்சிக்கு நேரா வந்த பெறகுதான் தெரியும். பசுமலைத் திருப்பத்துல ஒரு ஆட்டோக்காரரு என்னைப் பேசாத பேச்சு இல்ல. ரெண்டு பக்கமும் சுவரு வச்ச சந்துல நடக்குற மாதிரி இருந்துச்சு, அந்தச் சந்தும் நாளுக்கு நாள் ஒடுங்கிக்கிட்டே வந்துச்சு.

மூக்குக் கண்ணாடி மாத்துனா சரியாயிரும்னு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. எழுத்தெல்லாம் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சுட்டேன். அந்தம்மா அதோட விடல. எதிர்ல உக்காந்து, "என் மூக்கையே பாருங்க"ன்னு சொல்லிட்டு, ரெண்டு கையையும் விரிச்சு விரலை ஆட்டுனாங்க. "எந்தக் கை ஆடுது?"ன்னு கேட்டாங்க.

"எதும்மா ஆடுது? நீங்க சும்மாதானே இருக்கீங்க?"

அந்தம்மா முகம் மாறிருச்சு. என் கையை எடுத்து மடியில வச்சுப் பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "மோதிரம் பத்தாமப் போச்சா? செருப்பு அளவு மாறிக்கிட்டே வருதா?"

ஜோசியக்காரன்கூட இப்படிச் சொல்ல மாட்டான். பழைய போட்டோ இருக்கான்னு கேட்டாங்க. ஆதார் கார்டை எடுத்துக் கொடுத்தேன். கார்டைப் பாத்தாங்க, என் மூஞ்சியைப் பாத்தாங்க, திரும்பக் கார்டைப் பாத்தாங்க. அந்தச் சின்னப் படத்துல இருந்தவளுக்கு நான் அக்காவும் இல்ல, தங்கச்சியும் இல்ல. அங்கேயே அழுதுட்டேன். என்னை அடையாளம் கண்டுபுடிச்ச மொத ஆளு அந்தப் பொண்ணுதான்.

அவங்க அனுப்புன இடத்துல ஹார்மோன் டாக்டர் ஒருத்தர் இருந்தாரு. மெதுவாப் பேசுவாரு, கேட்டதையே கேட்டாலும் கோவப்பட மாட்டாரு. அவரு சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். மூக்குக்குப் பின்னாடி, மூளைக்கு அடியில, எலும்புக்குள்ள ஒரு சின்னக் குழி. அதுல பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி உக்காந்திருக்கு. பிட்யூட்டரின்னு பேரு. இருக்கறது பட்டாணி, பண்ற நாட்டாமை உடம்பு முழுக்க. தைராய்டை நீ வேலை செய்யுங்கும், சினைப்பையை நீ இப்படி நடங்கும், புள்ளை பெத்தவளுக்குப் பால் சுரக்கச் சொல்லும். அது அனுப்புற ஆட்கள்ல ஒண்ணுதான் வளர்ச்சி ஹார்மோன். அது ரத்தத்துல கலந்து கல்லீரலுக்குப் போவும். கல்லீரல் அதைக் கேட்டுக்கிட்டு இன்னொரு ஹார்மோனை அனுப்பும். அது போயி எலும்பை வளருங்கும், சதையை வளருங்கும்.

"அது சின்னப் புள்ளைங்களுக்குத்தானே சார்?"

"பெரியவங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் சுரக்கும்மா. எலும்பு, தசை எல்லாம் திடமா இருக்கணும்ல. ஆனா ஒரு அளவோட நிக்கும்."

சின்ன வயசுல நீள எலும்போட நுனியில குருத்து இருக்குமாம், அதுதான் நம்மளை உசரமாக்குதாம். வயசு வந்து கொஞ்ச வருசத்துல குருத்து மூடிக்குமாம். மூடுன பெறகு எம்புட்டு ஹார்மோன் வந்தாலும் உசரமாக முடியாது. அதுக்காக வந்த ஹார்மோன் சும்மா போகுமா? கை, கால், தாடை, மூக்கு, நாக்குன்னு கெடைச்ச பக்கம் எல்லாம் தடிக்க வைக்குமாம். இதயத்தைக்கூட விடாதாம். கூரையை முட்டுவேன்னு ஸ்டோர் அண்ணேகிட்ட சொன்னேன்ல, அது மட்டும் நடக்காது.

"போதும்னு சொல்ல ஆளே இல்லையா சார் அதுக்கு?"ன்னு கேட்டேன்.

"இருக்கும்மா. மூளையில மேல ஒரு இடம் இருக்கு. அதுதான் சுரக்கச் சொல்லும், நிறுத்தச் சொல்லும். உங்களுக்கு அந்தச் சுரப்பியில ஒரு கட்டி வந்திருக்கும்னு நினைக்கிறேன். புத்துநோய்க் கட்டி இல்ல, பயப்படாதீங்க. ஆனா யார் சொல்றதையும் கேக்காத கட்டி."

அதுக்கு ஒரு பரீட்சை வச்சாங்க. வெறும் வயித்துல ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி, தித்திப்புன்னா அப்படி ஒரு தித்திப்பு. ரத்தத்துல சர்க்கரை ஏறுனா வளர்ச்சி ஹார்மோன் தானா அடங்கணுமாம். அரை மணிக்கு ஒரு தடவை குத்திக் குத்தி ரத்தம் எடுத்தாங்க. அடங்கல. எனக்குள்ள இருந்தது அசையவே இல்ல. அந்தக் கட்டி மேல்பக்கமா வளர்ந்து கண்ணுக்குப் போற நரம்பை அமுக்குது, அதனாலதான் ரெண்டு ஓரமும் இருட்டுதுன்னு டாக்டர் சொன்னாரு. "ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு மூக்கு வழியாவே போயி எடுத்துரலாம். ஆனா நாளைக் கடத்தக் கூடாது. நரம்பு ரொம்ப நாள் அமுங்கிக் கெடந்தா, அப்புறம் கட்டியை எடுத்தாலும் பார்வை திரும்பாமப் போயிரும்."

நல்லாக் கேட்டுக்குங்க. இதை என் காதுல விழுற மாதிரி, என் மூஞ்சியைப் பாத்து, ரெண்டு தடவை சொன்னாரு. புரியலன்னு நான் யார்கிட்டயும் சொல்ல முடியாது.

ஸ்கேன் எடுக்குற இடத்துல ஒரு பொண்ணு என்னை உக்கார வச்சு, உடம்புல இருக்குற உலோகம் அத்தனையும் கழட்டச் சொன்னா. உள்ள இருக்குறது பெரிய காந்தமாம். தாலிச் செயினுக்குப் பதிலா மஞ்சக்கயிறு கொண்டு போயிருந்தேன், மாத்திக்கிட்டேன். தோடு, ஊக்கு, ஹேர்பின் எல்லாம் எடுத்தாச்சு. அவ குனிஞ்சு என் காலைப் பாத்தா.

"மெட்டியும்தான்க்கா."

"வெள்ளிதானே?"

"வெள்ளியில என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? சூடாயிரும். எங்க சார் விட மாட்டாரு."

அது கழறாதுன்னு எனக்குத் தெரியும். அதுக்குக் காரணம் நோயி மட்டும் இல்ல, என் கூறுகெட்ட புத்தியும்தான். எங்க வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுறாரு. அஞ்சாறு வருசத்துக்கு முன்னாடி ஒருநாள் காலையில துணி துவைக்கும்போது ஒரு மெட்டி நழுவி, சோப்பு நுரையோட சாக்கடைக்குள்ள போயிருச்சு. மெட்டின்னா அடியில வாய் திறந்திருக்கும்ல, அது அகண்டு போயிருந்திருக்கு. கம்பியை விட்டுத் துழாவிப் பாத்தேன், கெடைக்கல. அன்னைக்கு மத்தியானமே சமயநல்லூர் பக்கத்துல அவரு வண்டி கவுந்துருச்சு. தோள்பக்கத்துக் காறை எலும்பு ஒடிஞ்சதோட பொழைச்சு வந்தாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு இப்ப நூறு பேரு சொல்லுவாங்க. அன்னைக்கு ரத்தச் சட்டையை நான்தானே துவைச்சேன். அவங்க இல்லையே.

அவரு கட்டோட படுத்திருக்கும்போதே பத்தர் கடைக்குப் போயி புது மெட்டி ஒரு சோடி எடுத்தேன். "இது ரெண்டோட வாயையும் பத்தவச்சு மூடிருங்க"ன்னேன்.

"மெட்டியை யாராச்சும் பத்தவைப்பாங்களா? உடம்பு ஏறும், இறங்கும். பின்னால கழட்ட முடியாதும்மா."

"கழட்டுறதுக்கா போடுறேன்? பத்தவைங்க."

நெருப்பைக் காட்டி மூடிக் கொடுத்தாரு. சோப்புப் போட்டுத் திருகித் திருகி ஏத்துனேன். இனிமே இது என் காலை விட்டுப் போகாதுன்னு எம்புட்டு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா! அதுக்கப்புறம் அவரு வடக்க நாக்பூர் வரைக்கும் லோடு ஏத்திட்டுப் போனாலும் நான் நிம்மதியாத் தூங்குனேன். அந்த நிம்மதியிலதான் விரல் வளர்ந்துச்சு. வெள்ளி சதைக்குள்ள இறங்கி, மேல ஒரு கோடுதான் தெரிஞ்சுச்சு. ரப்பர் வளையத்தை அளவு பாத்துப் பாத்துத் தள்ளுறவ, என் கால்ல இருந்த வளையத்தைப் பாக்கல.

வெட்டித்தான் எடுக்கணும். மெட்டியை வெட்டுறதுன்னா என்னன்னு எங்க பக்கத்துப் பொம்பளைங்களுக்குத் தெரியும். எப்ப வெட்டுவாங்கன்னும் தெரியும். ஸ்கேனுக்குப் போன அன்னைக்கு அவரு ரோட்டுல இருந்தாரு, நாக்பூர் போற வழியில.

அந்தப் பொண்ணுகிட்ட, "எங்க மாமியா சம்மதிக்க மாட்டாங்கம்மா. பழைய காலத்து ஆளு. கேட்டுட்டு வாரேன்"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். எம்புட்டு லேசா வந்துச்சு அந்தப் பொய்யி! வீட்டுல வந்து ஸ்கேன் மிஷின் ரிப்பேருன்னு சொன்னேன்.

அவரு வரட்டும், வந்து பக்கத்துல இருக்கும்போது வெட்டிக்கலாம்னு நினைச்சேன். வந்தாரு, ரெண்டு நாள் இருந்தாரு. மொத நாள் நல்லாச் சாப்புட்டுத் தூங்குனாரு. மறுநாள் காலையில சொல்லலாம்னு வாயைத் திறக்குறேன், அவருக்குப் போன் வருது, சாயங்காலம் லோடு. வண்டி எடுக்கப் போற அன்னைக்கா இதை வெட்டுறது? வாயை மூடிக்கிட்டேன். "ஸ்கேன் என்னாச்சு?"ன்னு கேட்டாரு. "அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்காங்க"ன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு.

மொத்தம் பத்தொன்பது நாள். ஒவ்வொரு நாளும் காலையில எந்திரிச்சதும் சுவத்துக் காலண்டரை நேராப் பாப்பேன். மொதல்ல ரெண்டு பக்கமும் சன்னல் கம்பி தெரிஞ்சுச்சு. அப்புறம் வலப்பக்கம் மட்டும். அப்புறம் காலண்டர் மட்டும். ஸ்கூட்டியை விட்டுட்டு பஸ்ஸுல போனேன். தட்டைத் திருப்பித் திருப்பி வச்சு மூணு தடவை பாத்தேன். பூட்ஸுக்குள்ள மெட்டி நெருக்கும். நெருக்கும்போதெல்லாம் சரி, அவரு நல்லா இருக்காருன்னு நினைச்சுக்குவேன். வெட்டுனா அவருக்கு ஆபத்து, வெட்டலைன்னா எனக்குக் கண்ணு போவும். ரெண்டுக்கும் நடுவுல அரைச்ச மாவையே அரைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இது மூடநம்பிக்கைன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சா விட்டுருமா?

இருபதாம் நாள் நான் குளிச்சுக்கிட்டிருந்தேன். ஸ்கேன் பொண்ணு போன் போட்டிருக்கா. போனை எடுத்தது எங்க மாமியார். அத்தைன்னுதான் கூப்புடுவேன், எங்க கூடவேதான் இருக்கு.

"அக்கா, உங்க மாமியா சம்மதிச்சுட்டாங்களா? டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு. மெட்டியை வெட்டிட்டு உடனே வாங்க."

நான் தலையைத் துவட்டிக்கிட்டு வெளிய வர்றேன், அத்தை போனைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்குது.

"யாருடி அந்த மாமியா?"

போனை வாங்கக் கையை நீட்டுனேன், அத்தை குடுக்கல.

"எனக்குத் தெரியாம உனக்கு இன்னொரு மாமியா இருக்காளா? என்னைக்குடி நான் சம்மதிக்க மாட்டேன்னேன்? எம் பேரைச் சொல்லியா உன் கண்ணைக் கெடுத்துக்குற? நாளைக்கு ஊரு என்னைத்தானே காறித் துப்பும்?"

நான் தரையில உக்காந்துட்டேன். சாக்கடையில போன மெட்டி, கவுந்த வண்டி, பத்தவச்சது, எல்லாத்தையும் ஒப்பாரி மாதிரி கொட்டித் தீத்தேன். அத்தை கேட்டுக்கிட்டே நின்னுச்சு. அப்புறம் சேலையைக் கணுக்காலுக்கு மேல தூக்கி, பாதத்தை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு. ரெண்டாவது விரல்ல வெறும் தழும்பு.

"முப்பத்தி ரெண்டு வருசம் போட்டிருந்தேன். ஒரு நாளு, ஒரு பொழுது நான் கழட்டல. உன் மாமன் போகலையா?"

அத்தை என் கையைப் புடிச்சு இழுத்துச்சு. தலைகூட நான் காயவைக்கல, ஆட்டோவுல ஏத்திருச்சு. அதே பத்தர் கடைதான். அவரு என் காலைப் பாத்துட்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்ல"ன்னு ஆரம்பிச்சாரு. "வாயை மூடிட்டு வேலையைப் பாரு"ன்னுச்சு அத்தை. சதைக்கும் வெள்ளிக்கும் நடுவுல ஒரு தகட்டைச் செருகி, சின்ன ரம்பத்தால அறுத்தாரு. சூடு ஏற ஏற அத்தை தண்ணி ஊத்துச்சு. ரெண்டு விரல்லயும் வெள்ளையா பள்ளம் விழுந்து கெடந்துச்சு. நான் அந்த நேரத்துல போனையே பாத்துக்கிட்டிருந்தேன். அது அடிக்கல. அன்னைக்கு முழுக்க அவருக்கு ஒண்ணும் ஆகல, டோல்கேட்டுல டீ குடிச்சுக்கிட்டிருந்தாராம்.

அன்னைக்கே ஸ்கேன் எடுத்தாங்க. குழாய்க்குள்ள தலையை மாட்டி, அசையக் கூடாதுன்னு சொல்லி, டமடமன்னு ஒரே இரைச்சல். எனக்கு அது புதுசாத் தெரியல, அஞ்சு வருசமா என் உடம்புக்குள்ளயே அப்படித்தானே மாட்டிக் கெடந்தேன். பட்டாணி அளவு இருக்க வேண்டியது நெல்லிக்காய் அளவு இருந்துச்சு. ஒரே வாரத்துல ஆபரேஷன். மூக்கு வழியா குழாய் விட்டுக் கட்டியை எடுத்துட்டாங்க.

மூணாம் நாள் காலையில உக்கார வச்சாங்க. மூக்கு நிறையப் பஞ்சு, வாயாலதான் மூச்சு. வாசனை எதுவும் தெரியாது. அத்தை எனக்கு வலப்பக்கம் ஸ்டூல்ல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருந்துச்சு. வலப்பக்கம் சுவரு தெரிஞ்சுச்சு, கதவு தெரிஞ்சுச்சு, கதவுல மாட்டுன துண்டு தெரிஞ்சுச்சு. கொஞ்ச நாளா இல்லாத வெளிச்சம். எனக்குச் சந்தோசம் தாங்கல. அவருகிட்ட காட்டணும் போல இருந்துச்சு.

"உங்க மகன் இன்னும் வரலையா அத்தை? லோடு இறக்கிட்டு நேரா வாரேன்னாரே?"

அத்தை உரிக்கிறதை நிறுத்திட்டு என்னைப் பாத்துச்சு.

"எங்கயாச்சும் டீக்கடையில நிக்கிறாரா? போன் போடுங்களேன்."

"நான் வந்து அரை மணி நேரமாச்சு."

இடப்பக்கம் இருந்து குரல் வந்துச்சு. ரொம்பப் பக்கத்துல. தலையை நல்லாத் திருப்புனேன். அழுக்குச் சட்டையோட கட்டில்ல என் கையை ஒட்டி உக்காந்திருந்தாரு. உள்ளங்கையில புது மெட்டி ஒரு சோடி, வாய் திறந்த மெட்டி. நான் கோவமா இருக்கேன், அதான் முகம் குடுக்கலன்னு நினைச்சுக்கிட்டு அரை மணி நேரமா வாயைத் திறக்காம உக்காந்திருக்காரு. அத்தை எல்லாத்தையும் சொல்லிருச்சு போல. "எனக்காகவா வெட்டாம இருந்த?"ன்னு கேட்டாரு, கேட்டு முடிக்க முடியல அவரால. லாரி ஓட்டுற மனுசன், ஆஸ்பத்திரியில எல்லார் முன்னாடியும் அழுதாரு.

வலக்கண்ணு ஓரம் பெரும்பாலும் திரும்பிருச்சு. இடக்கண்ணு ஓரம் திரும்பல, இனிமேத் திரும்பாதுன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பத்தொன்பது நாள்லதான் போச்சான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். "அதை அப்படிச் சொல்ல முடியாதும்மா"ன்னாரு. நல்ல மனுசன். எனக்கு அவரு ஆமான்னு சொல்லியிருந்தாலே தேவலை.

ஹார்மோன் அளவு இறங்கிருச்சு. நாக்கு மெலிஞ்சுச்சு, விரல் சதை கொஞ்சம் வத்துச்சு. எலும்பு மட்டும் வளர்ந்தது வளர்ந்ததுதான், அது திரும்பி வராது. கம்பெனியில என்னைப் பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க. இந்த வருசம் பூட்ஸ் வாங்கப் போனப்ப ஸ்டோர் அண்ணே நோட்டைத் திறந்து வச்சுக்கிட்டு என்னையே பாத்தாரு. "ஒன்பதுதான்ணே"ன்னேன். சிரிக்காம எழுதிக்கிட்டாரு.

வீட்டுல டிவி முன்னாடி அவரு என் இடப்பக்கம்தான் உக்காருவாரு. கல்யாணம் ஆன நாளா அதுதான் அவரு இடம். மாறி உக்காருறேன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டாரு, நான்தான் வேண்டாங்கறேன். பாத்துக்கிட்டே இருக்கும்போது அந்தப் பக்கம் யாருமே இல்லாத மாதிரி இருக்கும். அவரைப் பறிகொடுத்துறக் கூடாதுன்னு மெட்டியைக் கட்டிக்கிட்டு அழுதவ நான். இப்ப அவரு பக்கத்துலயே இருந்தும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எனக்கு அவரு இல்லாமப் போயிடுறாரு.

"இருக்கீங்களா?"ன்னு கேப்பேன்.

"இருக்கேன்"ம்பாரு.

தலையைத் திருப்பிப் பாத்துட்டுத்தான் டீயைக் கையில குடுப்பேன்.